இசக்கியின் கை

நவம்பர் 7 வந்துவிட்டால் போதும். பத்திரிகை, பண்பலை, தொலைக்காட்சி, டீக்கடை பெஞ்சு எங்கும் ஒரே கேள்விதான். கமல்ஹாசன் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்? மூன்றாம் பிறை என்பார் ஒருவர். கடைசி ரயில் நிலையக் காட்சிக்காக. சலங்கை ஒலி என்பார் அடுத்தவர். மழையில் கிணற்று மேட்டில் ஆடுவதற்காக. நாயகன், அபூர்வ சகோதரர்கள், குணா, மகாநதி, ஹே ராம், அன்பே சிவம் என்று வரிசை எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு படத்தில் வந்து நிற்கும். தேவர் மகன். 'திரைக்கதைன்னா அதுதாங்க திரைக்கதை' என்று முத்திரை குத்திவிட்டுத்தான் பேச்சு ஓயும்.

இந்தப் பட்டியல்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் சினிமா பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் ரசிகர் ஒரு படத்தை விளக்கும்போது படத்தை மட்டும் விளக்குவதில்லை. தான் எங்கே உட்கார்ந்து அதைப் பார்த்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தரை டிக்கெட்டா பால்கனியா என்பதல்ல நான் கேட்பது. ஊரிலிருந்து பார்த்தாரா, சேரியிலிருந்து பார்த்தாரா?

பன்முகக் கலைஞன், எந்த வேஷம் கட்டினாலும் அந்த ஆளாகவே மாறிவிடுவார், கூடுவிட்டுக் கூடு பாய்கிறவர் என்கிறார்கள். சரி. எந்தெந்தக் கூட்டுக்குள் பாய்ந்தார்? நம் கூட்டுக்குள் அவர் பாய்ந்தபோது என்ன நடந்தது? பாயாமல் வெளியே நிறுத்தி வைத்தபோது என்ன நடந்தது? இந்தக் கணக்கை எந்த ரசிகரும் இதுவரை போட்டதாகத் தெரியவில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. நோட்டு எண்ண மெஷின் வந்துவிட்டாலும் எண்ணுகிற பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை.

தேவர் மகன் 1992 தீபாவளிக்கு வந்தது. கதை வசனம் தயாரிப்பு கமல்ஹாசன், இயக்கம் பரதன். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். எனக்கு அப்போது நடை பழகுகிற வயது. பிறகு கேபிள் டிவியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ரசிகர்கள் இந்தப் படத்தை விளக்கும்போது மூன்று இடங்களில் தவறாமல் நிற்பார்கள். சிவாஜிக்கும் கமலுக்குமான உரையாடல் ஒன்று. லண்டனில் படித்து, குடுமியும் கூத்துமாக வந்திறங்கிய பையன், அப்பா செத்த பிறகு மீசையும் வேட்டியுமாக வெளிப்படும் இடம் இன்னொன்று. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் வடிவேலு. 'காமெடியனை வச்சு அழ வச்சுட்டான்யா' என்பார்கள்.

அந்த மூன்றாவது இடத்தில் நாமும் கொஞ்சம் நிற்போம்.

இசக்கி பெரிய வீட்டு வேலையாள். பங்காளிச் சண்டையில் கோயில் பூட்டிக் கிடக்கிறது. சின்ன ஐயா ஊர் திரும்பியிருக்கிறார். கூட வந்த பெண்ணுக்குக் கோயிலைக் காட்ட வேண்டும். அவருக்காகப் பூட்டைத் திறக்கிறவன் இசக்கி. அதற்குக் கூலியாக அவன் கை போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி தின்பதும் கழுவுவதும் ஒரே கையால்தான் என்று தன் ஊனத்தைத் தானே வேடிக்கையாக்குகிறான். தியேட்டரே கலங்கியது என்கிறார்கள். கலங்கியிருக்கும். ஆனால் யாருக்காகக் கலங்கியது? கை போனவன் கோபப்படவில்லை. போலீசில் எழுதிக் கொடு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. உன் பூட்டை நீயே திறந்துகொள்ள வேண்டியதுதானே என்று அவன் ஐயாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரசிகருக்குக் கண்ணீர் வந்திருக்காது, எரிச்சல்தான் வந்திருக்கும். வெட்டுப்பட்டவன் விசுவாசமாக இருந்தால்தான் வெட்டு அழகாகிறது.

இசக்கி என்ன சாதி என்று படம் சொல்லவில்லை. படம் முழுக்க ஒரு சாதியின் பெயர் வாய்க்கு வாய் வருகிறது, தலைப்பிலேயே இருக்கிறது. இன்னொருவனுக்குச் சாதியே இல்லை! சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. யார் கை முதலில் போகும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இதில் கொடுமை, போன கை கோயில் பூட்டைத் திறந்த கை. பூட்டிய கோயில் கதவு நமக்குப் புதிதல்ல. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அங்கே பங்காளிச் சண்டை இல்லை. தலித்துகள் உள்ளே வந்து சாமி கும்பிடக் கூடாது என்பதுதான் சண்டை. படத்தில் அந்தக் கதவைத் திறந்தவன் உள்ளே போய்க் கும்பிட்டானா என்ற கேள்வி இந்த 30 வருஷத்தில் எந்த ரசிகருக்காவது தோன்றியிருக்குமா?

உடனே வரும் பதில் நமக்குத் தெரியும். 'படமே வன்முறைக்கு எதிரானதுங்க. கடைசியில புள்ளகுட்டிகளப் படிக்க வைக்கச் சொல்லித்தானே ரயில் ஏறுறாரு?' ஆமாம், சொல்கிறார். படம் அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வீட்டுக்குள் நடக்கிற சீர்திருத்தம். வீட்டுக்கு உள்ளே இருப்பவர்களைப் பார்த்துச் சொன்ன புத்திமதி. நிலம் யாரிடம், கோயில் யாரிடம், பஞ்சாயத்து யாரிடம் என்பதில் ஒரு பிடி மண்கூட இடம் மாறவில்லை. பெரியவர் உட்கார்ந்த இடத்தில் சின்னவர் உட்கார்ந்தார். சின்னவர் ஜெயிலுக்குப் போனாலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு நாங்குநேரி பதில் சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள். பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள், அரிவாளும் கூடவே போனது.

அப்புறம் அந்தப் பாட்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, தென் மாவட்டத்துக் காலனிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். படத்தைப் பற்றி என் அப்பா ஒரே ஒரு விமரிசனம்தான் வைத்தார். 'படம் நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டுதான் தியேட்டர விட்டு வெளிய வந்துருச்சு.' கோயில் கொடை, கல்யாண ஊர்வலம், குருபூஜை வண்டி என்று அது வராத இடமில்லை. நம் தெருமுனைக்கு வந்ததும் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். 1995இல் கொடியன்குளம், 1997இல் மேலவளவு, 1999இல் தாமிரபரணி. இவற்றுக்கெல்லாம் ஒரு படம்தான் காரணம் என்று சொல்ல நான் முட்டாளில்லை. காரணம் நிலத்தில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது, தனித் தொகுதியில் ஜெயித்துவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான் என்ற ஆத்திரத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்கே தென் மாவட்டம் பற்றி எரிந்தது. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. நம் ஆள் பெயர் பஸ்ஸின் நெற்றியில் இருந்தால் கலவரம். அந்தப் பாட்டு பஸ்ஸுக்குள் ஓடினால் பொழுதுபோக்கு!

2023 ஜூனில் மாமன்னன் இசை வெளியீட்டு மேடையில் மாரி செல்வராஜ் இதைத்தான் பேசினார். கமல்ஹாசனை வைத்துக்கொண்டே பேசினார். தேவர் மகன் தன்னை எப்படி அலைக்கழித்தது, அந்த இசக்கி மாமன்னன் ஆனால் என்ன ஆகும் என்று யோசித்ததில்தான் இந்தப் படம் பிறந்தது என்றார். உடனே ரசிக சிகாமணிகளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. நன்றி கெட்டவன், கலையைக் கலையாகப் பார்க்கத் தெரியாதவன், படத்தையே தப்பாகப் புரிந்துகொண்டவன்! ஒரு படத்தை 30 வருஷமாகத் தூங்கவிடாமல் மனசுக்குள் போட்டு உருட்டியவனைவிட அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்த ரசிகன் வேறு யார் இருக்கிறான்? உண்மையான ரசிக விளக்கம் அதுதான். இவர்களுக்கு அது விளங்கவில்லை. 1992இல் கையிழந்த அதே வடிவேலு 2023இல் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் 31 வருஷம்.

நாயகனையும் இப்படி எண்ணலாம். அதை விளக்குகிறவர்கள் எடுத்ததுமே காட்பாதர் என்பார்கள், டைம் பத்திரிகையின் 100 படங்கள் பட்டியலில் வந்தது என்பார்கள், தாராவியைச் சென்னையிலேயே செட்டாகப் போட்ட தோட்டா தரணியைப் புகழ்வார்கள். புகழட்டும், கெட்டிக்கார வேலைதான். ஆனால் தாராவியில் இருந்த தமிழர்கள் யார்? பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பித் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறியவர்கள், தோல் பதனிட்டவர்கள். பெரும்பகுதி நம் சனம். படத்தில் அவர்கள் வெறும் 'தமிழர்'. தமிழர் என்ற போர்வையால் மூடினால் சாதி தெரியாது, குளிரும் தெரியாது. அவர்களைக் காப்பாற்ற மேலே இருந்து ஒரு நாயக்கர் வர வேண்டியிருந்தது. அதே தாராவியில் நீலக்கொடியும் புத்த விகாரையும் திரையில் தெரிய 2018இல் ரஞ்சித்தின் காலா வர வேண்டியிருந்தது. 1987க்கும் 2018க்கும் நடுவே எத்தனை? இதுவும் 31. ஜோசியம் பார்க்கவில்லை, கழித்துத்தான் பார்த்தேன்.

விருமாண்டியில் இன்னும் வேடிக்கை. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். தூக்குத் தண்டனைக்கு எதிராக அவ்வளவு வலுவாகப் பேசிய தமிழ்ப் படம் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ரசிகரிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, இரண்டு பேர் சொல்லும் இரண்டு கதை, குரோசவாவின் ரஷோமான் உத்தி. இரண்டு, 'சண்டியர்'னு அருமையான தலைப்பு, டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்து மாத்த வச்சுட்டாரு, கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லீங்க. தென் மாவட்டத்தில் சண்டியர் என்ற சொல்லை யார் மேல் ஏவினார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். படம் 2004 பொங்கலுக்கு வந்தது. படம் காட்டும் அந்த மதுரை வட்டாரத்தில் அப்போது பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் என்ன நடந்துகொண்டிருந்தது? தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக 1996இலிருந்து 2006 வரை உருப்படியாக ஒரு பஞ்சாயத்துத் தலைவர் அங்கே உட்கார முடியவில்லை. பத்து வருஷம்! அந்த மண்ணில் எடுத்த கதையில் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கதை சொல்கிறார்கள். மூன்றாவதாக ஒருவன் அந்த ஊரில் கதை சொல்லக் காத்திருந்தான். ஜப்பான் வரைக்கும் போய்வரத் தெரிந்த ரசிகருக்கு ஊர்க்கோடித் தெருவுக்குப் போக வழி தெரியவில்லை.

சரி, நம் கூட்டுக்குள் அவர் பாய்ந்த படத்துக்கு வருவோம். தசாவதாரம், 2008. பத்து வேஷம். சோழர் காலத்து வைணவர், விஞ்ஞானி, அமெரிக்க ஜனாதிபதி புஷ், ஜப்பானியத் தற்காப்புக் கலைஞர், பஞ்சாபிப் பாடகர் என்று போகும் வரிசையில் நமக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்தில் ஒன்று. வின்சென்ட் பூவராகன், மணல் கொள்ளையை எதிர்க்கும் தலித் போராளி. முகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. போராளி என்றால் ஏன் இத்தனை கறுப்பு என்று கேட்டால் யதார்த்தம் என்பார்கள். கடைசியில் ஆழிப்பேரலை வருகிறது. குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டுப் பூவராகன் சாகிறார். தலித் நல்லவனாக இருந்தால் படம் முடிவதற்குள் செத்தாக வேண்டும். அது தமிழ் சினிமாவின் எழுதாத சட்டம்.

படம் வந்த காலத்தில் ஒரு விளக்கப் பட்டியல் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பத்து வேஷத்துக்கும் பத்து அவதாரத்துக்கும் ஜோடி சேர்த்திருந்தார்கள். பெயரிலேயே வராகம் இருக்கிறதே, அப்ப பூவராகன்தானே வராக அவதாரம் என்றால் அதுதான் இல்லையாம். அவர் கிருஷ்ண அவதாரமாம். ஏன்? கண்ணனும் கறுப்பு, பூவராகனும் கறுப்பு! கண்ணன் திரௌபதியின் மானம் காத்தான், பூவராகன் கதாநாயகியின் மானம் காத்தான். கண்ணனுக்குக் காலில் பட்ட அம்பால் சாவு, பூவராகன் பிணத்தின் காலைப் பாருங்கள் என்று வேறு. என்ன நுணுக்கம், என்ன ஞானம் என்று பூரித்துப்போனார்கள். மணல் கொள்ளையை எதிர்த்து ஆற்றங்கரையில் அடிபட்ட ஒரு தலித்தின் பெயரைக்கூட அறியாதவர்கள், அவனைக் கண்ணனாக்கிக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நம்மை மனுஷனாகப் பார்ப்பதைவிட அவதாரமாகப் பார்ப்பது இவர்களுக்குச் சுலபம்.

அந்தப் படத்தில் ரசிகர்கள் உருகும் காட்சி ஒன்று உண்டு. மகனைத் தொலைத்துப் புத்தி பேதலித்த பிராமணப் பாட்டி கிருஷ்ணவேணி, கரையில் கிடக்கும் பூவராகன் பிணத்தைத் தன் மகன் ஆராவமுதன் என்று கட்டிக்கொண்டு அழுகிறாள். பாட்டியும் கமல், பிணமும் கமல். சாதி ஒழிந்தது என்று கைதட்டினார்கள். எனக்கோ நாகப்பட்டினம்தான் ஞாபகம் வந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட பிணங்கள். அழுகி ஊதிப்போன அந்த உடம்புகளை வாரி எடுத்தவர்கள் யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள், நம் ஆட்கள். பிணத்துக்குச் சாதி பார்க்காமல் தூக்கினார்கள். உயிரோடு தப்பிய தலித்துகளையோ நிவாரண முகாமில் தனியே ஒதுக்கினார்கள். குடிதண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை. அந்த நாட்களிலேயே இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. நடந்தது இது. படம் காட்டியதோ தலித்தின் பிணத்தைத் தொடும் பாட்டியின் பெருந்தன்மை. அதுவும் புத்தி பேதலித்திருந்தால்தான் தொட முடியும், மகன் என்று தப்பாக நினைத்தால்தான் அழ முடியும். புத்தி தெளிந்த பாட்டி என்ன செய்திருப்பாள் என்று கதாசிரியருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நடிகர் சாயங்காலம் அந்தப் பூச்சைக் கழுவிவிட்டுக் காரில் ஏறலாம். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் பறையடிக்கக் கூப்பிட்டு, வர மாட்டேன் என்றவனுக்குக் கடையில் சாமான் கொடுக்காமல் நிறுத்தினார்கள். அவன் வேஷத்தைக் கலைக்கத்தான் போராடிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் பேசினால் நம் பிள்ளைகளே சங்கடப்படுகிறார்கள். போன மாதம் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். 'அண்ணே, அவரு சாதியே வேணாங்கிறவரு. கடவுள் இல்லங்கிறவரு. மன்றத்த நற்பணி இயக்கமா மாத்தி ரத்ததானம் பண்ண வச்சவரு. அவரப் போயி...' நியாயமான கேள்வி. நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை தம்பி. எங்கள் தெருவிலும் அந்த மன்றம் இருந்தது, எங்கள் மாமாக்கள் ரத்தம் கொடுத்தவர்கள்தான். நம்மிடம் ரத்தம் வாங்குவதில் யாருக்கும் எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. நான் கேட்பது ரசிகரை. தனி மனிதர் என்ன நினைக்கிறார் என்பது வேறு, பிரதி என்ன செய்கிறது என்பது வேறு. நல்ல மனசோடு எடுத்த படம் என்பதால் இசக்கிக்குக் கை முளைத்துவிடாது.

இந்தப் பன்முகப் பெருமை பேசுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். அம்பேத்கராக நடித்ததற்காக மம்முட்டிக்கு 1998க்கான சிறந்த நடிகர் தேசிய விருது கிடைத்தது. கேரளத்தின் முன்னணிக் கதாநாயகன், விருது வாங்கிய நடிப்பு. அந்தப் படம் தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கும் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நடிப்பை நடிப்பாகப் பார்ப்பவர்கள் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமும் எங்கே போயிருந்தார்கள்? பிடித்த பத்துப் படம் பட்டியலில் அதைச் சேர்த்த ஒரே ஒரு மம்முட்டி ரசிகரை எனக்குக் காட்டுங்கள்.

எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இந்தப் பேச்சு ஓடும். இசக்கி காட்சியைச் சொல்லிக் கண் கலங்கிய ஒரு அதிகாரி, பேசிக்கொண்டே எச்சில் தட்டை நகர்த்தி வைப்பார். எடுத்துப் போக வேண்டியவர் பக்கத்தில் நிற்பார். பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர், எங்கள் தெருப் பக்கத்து ஆள். மேசையைச் சுற்றி எல்லாரிடமும் பிடித்த படம் கேட்டார்கள். அவரிடம் கேட்கவில்லை. பிறகு நான் கேட்டேன். 'எனக்கு மைக்கேல் மதன காமராஜன் சார்' என்றார். ஏண்ணே என்றேன். 'அதுல யாருக்கும் கை போகாது.'

நான் கேட்ட விளக்கங்களிலேயே உருப்படியான விளக்கம் அதுதான். இந்த மாதிரி விளக்கங்களை எழுதித் தொகுக்க வேண்டும் என்று படிப்பு வட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பார்க்காதே, ரசிக்காதே என்று யாரையும் தடுக்கப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் தேவர் மகனைத்தான் திரையிடுகிறோம். கோயில் பூட்டு வரும் இடத்தில் ஒரு முறையும், ஆஸ்பத்திரிக் காட்சியில் ஒரு முறையும் படத்தை நிறுத்துவோம். இசக்கிக்கு வீடு எங்கே, பெண்டாட்டி பிள்ளை உண்டா, ஒரு கையோடு அடுத்த வாரம் அவன் என்ன வேலைக்குப் போனான், அந்த வீட்டில் அவனுக்கு எந்தப் பாத்திரத்தில் சோறு போட்டார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதலாம். மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வரவும்.